ஸ்ட்ரீட் டிசைன் சம்மர் இன்டர்ன்ஷிப்: சென்னைக்குப் போறதா, கும்பகோணத்துலயே இருக்கறதா?

குடந்தை_ஆர்க்கி

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.ஆர்க் நாலாவது வருஷம், வீடு கும்பகோணம், காலேஜ் திருச்சி பக்கம். மே ஜூன் லீவுல அர்பன் டிசைன் (தெரு, பார்க் மாதிரி பொது இடங்களை வடிவமைக்கறது) சைடு ஏதாவது இன்டர்ன்ஷிப் பண்ணலாம்னு ரெண்டு மாசமா மெயில் தட்டிக்கிட்டே இருந்தேன், இப்ப ஒரே நேரத்துல ரெண்டு வந்து நிக்குது.

ஒண்ணு சென்னைல ஒரு ஆபீஸ். ஃபுட்பாத், ஜங்ஷன் மாத்தி அமைக்கறது, பார்க் இந்த மாதிரி வேலை நிறைய பண்றவங்க. ஸ்டைபண்ட் உண்டு, ஆனா அது பி.ஜி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பத்தாது. இன்னொண்ணு தஞ்சாவூர்ல ஒரு ஆர்க்கிடெக்ட், ரொம்ப சின்ன ஆபீஸ். கும்பகோணத்துல கோயில் சன்னதித் தெரு ரெண்டும் ஒரு குளக்கரையும் சரி பண்றதுக்கு ப்ரபோசல் ரெடி பண்றாராம், அதுக்கு ஆள் வேணும்னாரு. காசு கிடையாது, பெட்ரோல் செலவு மட்டும் தர்றேன்னு நேர்மையா சொல்லிட்டாரு.

சென்னை பேரு ரெஸ்யூமேல நல்லாருக்கும்னு கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு எம்.ஆர்க் அர்பன் டிசைன் பண்ணணும்னு ஆசை, அதுக்கு போர்ட்ஃபோலியோ வேணும். அப்பா வேற "ரோட்டை டேப் வச்சு அளக்கறதுக்கா அஞ்சு வருஷம் பீஸ் கட்டுறேன்"னு கேட்டுட்டாரு, பதில் சொல்லத் தெரியல. இந்த வேலைல நிஜமா என்னதான் பண்ணச் சொல்லுவாங்க? ரெண்டு மாசத்துல உருப்படியா ஏதாவது கத்துக்க முடியுமா? அப்புறம் கத்திரி வெயில்ல நம்ம ஊர் தெருவுல டேப்போட நிக்கறது ஒரு பொண்ணுக்கு எப்படி இருக்கும்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஆரூரான்

வாழ்த்துக்கள்மா. நான் திருவாரூர், இப்ப சென்னைல அர்பன் டிசைனரா வேலை பாக்குறேன், இன்டர்ன்ஸ் எடுக்கறதும் நான்தான், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். தெருவோட குறுக்குவெட்டு வரையறதுதான் முக்கால்வாசி. இந்தப் பக்க சுவர்லேருந்து அந்தப் பக்க சுவர் வரைக்கும் ஒவ்வொரு அடியும் யாருகிட்ட இருக்கு, வண்டிக்கு எவ்வளவு, நிறுத்தி வச்ச பைக்குக்கு எவ்வளவு, சாக்கடை மூடி எங்க, டிரான்ஸ்ஃபார்மர் எங்க, பூக்காரம்மா எங்க உக்காந்திருக்காங்க, கடைசில நடக்கறவனுக்கு மிச்சம் என்ன. அப்புறம் கணக்கெடுப்பு, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எத்தனை பேர் நடந்து போறாங்கன்னு எண்ணணும், யார் எங்க நிக்கிறாங்க, எவ்வளவு நேரம் உக்கார்றாங்கன்னு மேப்புல குறிக்கணும். இதெல்லாம் பேப்பர்ல வந்தப்புறம்தான் டிசைன்னு ஒண்ணு ஆரம்பிக்கும். ஃபுட்பாத்துக்கு ஐஆர்சி 103னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கைடுலைன் இருக்கு, தடங்கல் இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் விடணும், கடைத்தெருன்னா 2.5 மீட்டர், உயரம் 150 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. இதை மனப்பாடம் பண்ணிட்டுப் போ, முதல் நாளே மரியாதை கிடைக்கும். ஆனா நம்ம ஊர் சன்னதித் தெருல நின்னு 2.5ன்னு சொன்னா சிரிப்பாங்க, அங்கதான் உன் மூளைக்கு வேலையே.

சென்னை ஆபீஸ்ல நீ பாண்டி பஜார் மாதிரி ஒண்ணை பக்கத்துல இருந்து பாக்கலாம். 2019ல திறந்தது, கார் நிறுத்துற இடத்தை எடுத்து நடக்கறவங்களுக்குக் குடுத்தா கடை வியாபாரம் படுத்துடும்னு பயந்ததுக்கு நேர்லயே பதில் இருக்கு. பெரிய டீம், டிராயிங் தரம், சாஃப்ட்வேர் எல்லாம் கத்துக்கலாம். ஆனா ரெண்டு மாச இன்டர்னுக்குக் கிடைக்கறது பெரும்பாலும் பிரசன்டேஷன்ல மரம் ஒட்டற வேலைதான், உண்மையைச் சொல்லணும்ல. சேர்றதுக்கு முன்னாடி "சைட்டுக்கு வாரத்துல எத்தனை நாள் கூட்டிட்டுப் போவீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. பதில் மழுப்பலா வந்தா நானா இருந்தா போக மாட்டேன்.

இன்னொரு விஷயம். நம்ம பக்கத்துத் தெருவுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, அதை சென்னைல யாரும் சொல்லித் தர முடியாது. எங்க ஊர் ஆழித்தேர் 96 அடின்னு சொல்லுவாங்க, எடை 300 டன். அது நாலு வீதியும் சுத்தி வரணும். மூலைல இரும்பு பிளேட் போட்டு கிரீஸ் தடவித்தான் தேரைத் திருப்புவாங்க, முட்டுக்கட்டை போடறவங்க சக்கரத்துக்குப் பக்கத்துலயே ஓடுவாங்க, வடம் புடிக்கிற கூட்டம் முன்னாடி நீளமா போகும். அப்ப அந்த வீதியோட அகலம், மூலை வளைவு, நடுவுல எதுவுமே நிரந்தரமா இல்லாம வச்சிருக்கறது எல்லாமே டிசைன்தானே? மீதி நாள்ல அதே இடத்துல சைக்கிள் நிக்கும், கோலம் இருக்கும், சாயந்திரம் சேர் போட்டு உக்காருவாங்க. புதுசா வர்ற டிசைனர் அழகா மீடியனும் கல் தூணும் போட்டுக் குடுத்தா தேர் அன்னிக்கு எல்லாத்தையும் பேத்துதான் எடுக்கணும். இதையே கும்பகோணத்துல சாரங்கபாணி தேர் வீதில நீ வரைஞ்சு காட்டினா எந்த எம்.ஆர்க் இன்டர்வியூலயும் நிமிர்ந்து உக்காந்து கேப்பாங்க. என் ஓட்டு தஞ்சாவூர் ஆபீசுக்கு.


மொட்டைமாடி_பையன்

முதல்ல பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல உயிரோட ரோட்டைக் கடக்க ஒரு டிசைன் போடுங்க, அப்புறம் குளக்கரையெல்லாம் பாக்கலாம் 😂


பாத்திரக்கடை

நான் ஆர்க்கிடெக்ட் கிடையாது, கும்பேஸ்வரர் கோயில் பக்கம் கடை வச்சிருக்கேன். மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா.

லீவு விட்டா காலேஜ் புள்ளைங்க கேமராவும் நோட்டுமா வருவாங்க. போட்டோ எடுப்பாங்க, ரெண்டு கேள்வி கேப்பாங்க, போயிடுவாங்க. ஒரு தடவை ஒரு பையன் வரைஞ்சதைக் கொண்டாந்து காமிச்சான், பாக்க ஃபாரின் மாதிரி இருந்துச்சு, ரெண்டு பக்கமும் மரம், பெஞ்சு, விளக்கு. எங்க தெருன்னு கீழ எழுதியிருந்ததை வச்சுதான் கண்டுபிடிச்சேன். அதுல வளையல் கடை தள்ளுவண்டி இல்ல, பூ விக்கிறவங்க இல்ல, வாழைப்பழ வண்டி இல்ல, காலைல எனக்கு சரக்கு இறக்கற டாட்டா ஏஸ் எங்க நிக்கும்னு கேட்டேன், பய முழிக்கிறான். அந்த வண்டி நிக்காட்டி எனக்கு வியாபாரமே இல்லையே. அண்டாவைத் தலைல வச்சா தூக்கிட்டு வர முடியும்?

எங்களுக்கும் தெரு நல்லா இருக்கணும்னுதான் ஆசை. வெயில்ல கஸ்டமர் நிக்க முடியல, நாங்களே கைக்காசு போட்டுப் பந்தல் கட்டறோம். வயசானவங்க கோயிலுக்கு வர்றாங்க, உக்கார இடமில்லாம எங்க கடைப் படிலதான் உக்கார்றாங்க, நாங்களும் எழுந்திரிங்கன்னு சொல்றதில்ல. அதுவும் ஒரு வசதிதானே, அதை யாராவது வரைஞ்சிருக்காங்களா?

2016 மகாமகத்துக்கு ரோடெல்லாம் போட்டாங்க, அடுத்தது 2028. இப்பலேருந்தே ஒவ்வொருத்தரா அளக்க வர ஆரம்பிச்சிருவாங்க. 1992ல குளத்துக்கிட்ட நெரிசல்ல அத்தனை பேர் போனாங்களே, எங்கப்பா அன்னிக்குக் கடையைச் சாத்திட்டு வந்ததை இன்னும் சொல்லுவாரு. அதனால அழகு பண்றதுக்கு முன்னாடி ஜனம் எந்த வழியா உள்ள வரும், எந்த வழியா வெளிய போகும்னு ஒரு தடவை யோசிங்க. நீ நம்ம ஊர்ப் பொண்ணுங்கற, தாராளமா கடைக்கு வா, எந்த நேரத்துல எந்த வண்டி வரும், யார் எங்க கடை போடுவாங்கன்னு நானே சொல்றேன். ஆனா ஒரு தடவை வந்துட்டுக் காணாம போயிடக் கூடாது.


குடந்தை_ஆர்க்கி

@பாத்திரக்கடை ரொம்ப நன்றி மாமா, கண்டிப்பா வர்றேன். எங்க அம்மா சீர்ப் பாத்திரமே அந்தத் தெருலதான் வாங்கினது, நீங்க சொன்ன அந்தப் படில நானும் உக்காந்திருப்பேன் போல. @ஆரூரான் அண்ணா, சென்னை ஆபீசுக்கு அந்தக் கேள்வியை மெயில் போட்டுட்டேன். தஞ்சாவூர் சார் ஒரு தெருவுல லெவல் எடுக்கணும், அதாவது தரை எங்கெங்க எவ்வளவு ஒசரம்னு மெஷின் வச்சு அளக்கணும்னு சொன்னாரு, அதெல்லாம் சிவில் வேலை இல்லையா, நான் எதுக்கு அதைப் பண்ணணும்?


பழைய_ஓவர்சீயர்

லெவல் எதுக்குன்னு கேட்டியே, அதுக்காகவே லாகின் பண்ணி எழுதறேன். டெல்டால ஒரு நகராட்சில இன்ஜினியரிங் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான்.

நம்ம ஊர் பழைய வீட்டுல திண்ணை எதுக்கு ரெண்டு மூணு அடி ஒசரத்துல இருந்துச்சு? உக்காரவும்தான், மழைத் தண்ணி உள்ள வராம இருக்கவும்தான். ஒவ்வொரு தடவையும் ரோடு போடறப்ப பழசை சுரண்டாம மேலயே போட்டுக்கிட்டே வந்து, இப்ப பாதித் தெருல திண்ணை ரோடு மட்டத்துக்கு வந்துடுச்சு, சில வீட்டுல படி இறங்கித்தான் உள்ள போகணும். பழசை மில்லிங் பண்ணி எடுத்துட்டு அதே மட்டத்துக்குத்தான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு. காகிதத்துல இருக்கு. தெருவுல இருக்கான்னு நீ லெவல் எடுத்தாதான் தெரியும். மூணு இன்ச் ஒசந்தா உனக்கு ஒண்ணுமில்ல, அந்த வீட்டுக்காரனுக்கு ஐப்பசி மழைல முழங்கால் தண்ணி.

தேருக்கும் இதேதான். ரோடு ஒசந்தா மேல போற கம்பிக்கும் தேர் உச்சிக்கும் இருக்கற இடைவெளி குறையும். 2022ல தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல அப்பர் சதய விழாவுக்குப் போன தேர் மின்கம்பில பட்டு 11 பேர் இறந்துட்டாங்க. அதனால நீ வரையற குறுக்குவெட்டுல தரைக்கு மேல என்ன போகுதுன்னு கோடு இல்லாட்டி அது பாதி டிராயிங்தான். பெரும்பாலான ஸ்டூடன்ட் ஷீட்ல வானம் நீலமா இருக்கு, ஒரு ஒயர் கூட இல்ல. எந்த ஊர்ப்பா அது?

அப்புறம் குளம். குளக்கரைன்னு சொன்னியே, கரைல டைல்ஸும் கைப்பிடியும் போடறது ஒரு வாரத்து வேலை. தண்ணி எங்கேருந்து வருது? வரத்து வாய்க்கால் எது, வடிகால் எது, நடுவுல யார் வீடு கட்டியிருக்கா? தஞ்சாவூர்ல சேவப்பநாயக்கன் ஏரித் தண்ணி சிவகங்கைக் குளத்துக்கும் அங்கேருந்து ஐயன்குளத்துக்கும் தரைக்கு அடியிலயே போற மாதிரி அந்தக் காலத்துல செஞ்சு வச்சிருந்தான். ஸ்மார்ட் சிட்டில ஐயன்குளத்தை எடுத்து செஞ்சப்ப அந்தப் பழைய பாதையையும் தேடித்தான் பாத்தாங்க. நீ வேலை பாக்கப் போற மே மாசத்துல காவிரியும் அரசலாறும் மணலா கெடக்கும், குளமும் வத்தி இருக்கும், அது ஒரு வகைல நல்லது, படித்துறையோட கடைசிப் படி வரைக்கும் இறங்கி அளக்கலாம், மதகு வாயைக் கண்ணால பாக்கலாம். ஜூன் 12 மேட்டூர் திறந்துட்டா தண்ணி வந்துடும், அதுக்குள்ள முடிச்சுடு. அந்தத் தேதிக்குத் திறக்காத வருஷமும் உண்டு, அது உன் அதிர்ஷ்டம், விவசாயிக்கு இல்ல.

கடைசியா ஆபீஸ் சங்கதி. உன் டிராயிங் எவ்வளவு அழகா இருந்தாலும் எஸ்டிமேட் போடறவன் ஷெட்யூல் ரேட்ல, அதாவது அரசு வேலைக்கான விலைப் பட்டியல்ல, இருக்கற ஐட்டத்துக்குத்தான் மாத்துவான். நீ "செங்கல் பதிச்ச நடைபாதை"ன்னு வரைஞ்சது பேவர் பிளாக்கா வரும். அதனால அந்த ரேட் புக்கை ஒரு தடவை புரட்டிப் பாரு, ஐட்டம் பேரு தெரிஞ்சு வரைஞ்சா பாதியாவது நெலைக்கும். காலேஜ்ல இதைச் சொல்லித் தர மாட்டாங்க.


வெயில்_தாங்கி

நான் மயிலாடுதுறை, நாலஞ்சு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு சம்மர்ல ஒரு டெல்டா ஊர்ல கடைத்தெரு சர்வே பண்ணேன். பொண்ணா தெருவுல நிக்கறதைப் பத்திக் கேட்டதால சொல்றேன் பாப்பா.

முதல் ரெண்டு நாள் எல்லாரும் உத்துப் பாப்பாங்க, "எந்த டிபார்ட்மென்ட், ஆக்கிரமிப்பு எடுக்கப் போறீங்களா"ன்னு கேப்பாங்க. தள்ளுவண்டிக்காரங்கதான் ரொம்ப பயப்படுவாங்க, டேப்பைப் பாத்தாலே கடையைத் தூக்க வர்றாங்கன்னு நினைப்பு, அவங்க அனுபவம் அப்படி. அதனால டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடி பேசிடு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் படிச்சுட்டுப் போ, அந்தச் சட்டப்படி அமைக்கற நகர விற்பனைக் குழுல 40 சதவீதம் வியாபாரிகளோட ஆளுங்க இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்கன்னு இருக்கு. நான் பேசின பூக்கார அக்கா யாருக்கும் இப்படி ஒரு கமிட்டி இருக்கறதே தெரியல. ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கி கைல வச்சுக்கோ, ஸ்டேஷன்லயும் ஒரு காப்பி குடுத்துடச் சொல்லு.

அளக்கறதெல்லாம் விடியக்காலை அஞ்சரைலேருந்து ஏழுக்குள்ள, கடை திறக்கறதுக்கு முன்னாடி. எண்ணறது காலைலயும் சாயந்திரமும். மத்தியானம் வேண்டாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் சொல்றேன் ஒரு நாளாவது மத்தியானமும் நில்லு. ஏன்னா சித்திரைல நம்ம பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வந்துடும், வைகாசில கூட லேசா வடக்க தள்ளித்தான் இருக்கும், உச்சி நேரத்துல கட்டடத்தோட நிழல் ரோட்டுல பேருக்குத்தான் விழும். வேற ஊர் டிசைன் புக்குல தெரு இந்தத் திசைல இருந்தா இந்தப் பக்கம் நிழல்னு படம் போட்டிருப்பான், அது இங்க அந்த நேரத்துக்குச் செல்லாது. மரம், பந்தல், கடை முன்னாடி நீட்டின தகரம், இது மூணுதான் நிழல். ஜனங்க எந்தத் தகரத்துலேருந்து எந்தப் பந்தலுக்குத் தாவித் தாவி நடக்கறாங்கன்னு நான் குறிச்ச மேப்தான் என் போர்ட்ஃபோலியோலயே எல்லாரும் கேட்ட ஷீட்.

பொம்பளைங்க எங்க இல்லன்னும் குறி. ஆத்தங்கரைப் பெஞ்சு, பார்க் மூலை எல்லாம் ஆம்பளைங்கதான். கோயில் வாசல், குழாயடி, பஸ் ஸ்டாப்புல மட்டும் நாம நிப்போம், அதுவும் ஏதாவது வேலையோடதான். டாய்லெட் எங்க இருக்கு, பூட்டி இருக்கா திறந்திருக்கான்னு முதல்லயே பாத்து வச்சுக்கோ, இது சர்வேக்கும் ஆகும் உனக்கும் ஆகும். ஸ்கூல் லீவு, அதனால நீ எண்ணுற நம்பர்ல பசங்க கூட்டம் இருக்காது, அதே சமயம் வைகாசி முகூர்த்த நாள்ல தெரு பிதுங்கும், ரெண்டையும் ஷீட்டுல ஓரமா எழுதிடு, இல்லாட்டி காலேஜ்ல டிராயிங்கை மதிப்பிடற ஜூரில மாட்டுவ.

காசு விஷயத்துல மட்டும் ஆரூரான் அண்ணாவோட ஒத்துப்போக மாட்டேன். சும்மா வேலை பாக்கறதை நாம பெருமையா எடுத்துக்கிட்டா அடுத்து வர்ற புள்ளைக்கும் அதான் கிடைக்கும். வீடு அதே ஊர்லங்கறதால உனக்குச் சமாளிக்கலாம், ஹாஸ்டல்ல இருக்கறவ என்ன பண்ணுவா? சாரைக் கேளு, காசு முடியலன்னா டிராயிங்ல உன் பேரு வரணும், டிராயிங்கை போர்ட்ஃபோலியோல போட அனுமதி வேணும்னு எழுத்துல வாங்கு. 2020ல டூலிப்னு மத்திய அரசு நகராட்சிகள்ல இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, ஆனா அது டிகிரி ரிசல்ட் வந்து 18 மாசத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு, உனக்கு இப்ப ஆகாது.


குடந்தை_ஆர்க்கி

அக்கா, எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டேன். அப்டேட்: சென்னைலேருந்து பதில் வந்துச்சு, "சைட் விசிட் தேவைக்கேற்ப"ன்னு மட்டும் இருக்கு. தஞ்சாவூர் சார்கிட்ட போன்ல பேர் விஷயம் கேட்டேன், அதுல என்னம்மா இருக்குன்னு உடனே மெயில்லயே எழுதிக் குடுத்துட்டாரு, காசுக்கும் கேட்டேன், பஸ் பாஸ் வாங்கித் தர்றேன் பெட்ரோலும் தர்றேன்னு அதுக்கு மேல நகரல. அவர்கிட்டயே சேர்றேன். அப்பாகிட்ட ஓவர்சீயர் ஐயா எழுதினதைப் படிச்சுக் காமிச்சேன், களிமேடு பத்தி வந்த இடத்துல அவர் ஒண்ணும் பேசல, அவர் மின்வாரியத்துல இருக்கறவர். அப்புறம் அவரே "எந்தத் தெருல எந்த ஒயர் எவ்வளவு ஒசரத்துல போகுதுன்னு வேணும்னா கூட வந்து சொல்றேன்"ங்கறாரு.

இப்ப பிரச்சனை, சார் ஆபீஸ்ல லெவல் எடுக்கற மெஷின் இல்ல. வாடகைக்கு எங்க கிடைக்கும்?


பழைய_ஓவர்சீயர்

வாடகைக்கு எதுக்கு, உன் காலேஜ் சர்வே லேப்ல ஆட்டோ லெவல் சும்மாதான் தூங்கும். எச்.ஓ.டி. கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுத்தா ஸ்டாண்டு, ஸ்டாஃப் (அளவு போட்ட நீளக் கம்பு) எல்லாம் சேத்துக் குடுப்பாங்க. ஸ்டாஃப் புடிக்க ஒரு ஆள் வேணும், ஆடாம புடிக்கறவனாப் பாத்துக் கூட்டிட்டுப் போ. முதல் ரீடிங் கோயில் வாசப்படிலேருந்து ஆரம்பி, ஊர்ல ஒசத்தாத ஒரே மட்டம் பெரும்பாலும் அதான்.


பாத்திரக்கடை

ஸ்டாஃப் புடிக்க எங்க கடைப் பையனை அனுப்பறேன், காலைல ஏழு மணி வரைக்கும் அவன் சும்மாதான் இருப்பான். டீ அவனுக்கும் சேத்து வாங்கிக் குடுத்துடு.